கல்லாற்றில் ஊதாத சங்கு

அத்தியாயம் 6

விடிந்தும் விடியாத நேரத்தில் அந்தச் சனியன் பிடித்த சங்கு ஊதியது. என் கையிலிருந்த டீ பாதி சட்டையில் விழுந்தது.

"பயந்துட்டியாலே?" என்றார் ரத்னாபாய் அக்கா.

"பயமா, எனக்கா? சட்டை டீ கேட்டுது, குடுத்தேன்."

அக்கா சிரிக்கவில்லை. என் ஜோக்குகளுக்குச் சிரிப்பதில்லை என்று நாகர்கோவிலிலேயே சபதம் எடுத்துவிட்டுத்தான் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறியிருப்பார். பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்தவர். இப்போது கரமனையில் ஒரு மாடி அறை, வாசலில் 'விசாரணை' என்று ஒரே ஒரு சொல் எழுதின போர்டு. நான் அனில். அந்த அறைக்கு டிரைவர், எடுபிடி, வாய் மூன்றும் நான்தான். துப்பறிகிற மூளை அக்காவுடையது, டீ கறை என்னுடையது.

நாங்கள் நின்றது கல்லாற்றில், சொரிமுத்து அண்ணாச்சியின் டீக்கடை வாசலில். பொன்முடிக்குப் போகிற கார்களெல்லாம் இங்கே ஒரு நிமிஷம் மூச்சு வாங்கும். குடும்பம் குடும்பமாக ஆற்றில் இறங்கிக் குளிப்பார்கள். மலை உச்சியில் மழை கொட்டினால் கீழே ஆறு சொல்லாமல் கொள்ளாமல் பொங்கும். அதற்காகத்தான் கடைக்குப் பக்கத்தில் ஒரு கம்பமும், கம்பத்தின் மேலே சங்கும். மேலே வைத்திருக்கிற மழைமானிகளும் ஆற்றுமானிகளும் ரேடியோவில் தகவல் அனுப்பும், சங்கு ஊதும், ஆட்கள் கரையேறுவார்கள். தினமும் காலையில் ஒருதரம் சோதனைக்காக ஊதும்.

அண்ணாச்சி காதிலிருந்து பஞ்சை எடுத்தார். "பிரஷர் உண்டும்மா எனக்கு. இது ஊதுனா நெஞ்சு படபடங்கும்."

அந்தப் பஞ்சைப் பார்க்காத மாதிரி நான் திரும்பிக்கொண்டேன். ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், கீழே தூறல்கூட இல்லாதபோது ஆறு பொங்கியது. அன்றைக்கு மட்டும் சங்கு ஊதவில்லை. குளிக்க யாரும் இல்லை. பாத்திரம் கழுவ இறங்கியிருந்தது ஒரே ஒரு பெண். ஷில்பா, அண்ணாச்சியின் ஒரே மகள், நர்சிங் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு வந்தவள்.

சங்கு வைத்த கம்பெனி ஒரே வார்த்தையில் கையைக் கழுவியது. கருவியில் குற்றமில்லை, கம்பத்தின் அடியிலிருக்கும் சுவிட்சை யாரோ அணைத்திருக்கிறார்கள். யார்? அதற்குப் போலீஸ் ரொம்பத் தேடவில்லை. மழைக்காலத் தொடக்கத்தில் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, "சும்மா சும்மா ஊதுது, வாற ஆளெல்லாம் அலறியடிச்சு ஓடுது, ஒண்ணு அதை எடுங்க, இல்ல அதுக்க வாயை அடைங்க" என்று கத்தியவர் அண்ணாச்சிதான். ஊரே கேட்டது. சொந்த மகளைக் கொன்றவன் என்று பெயர் வாங்கி, உள்ளே போய், ஜாமீனில் வந்திருக்கிறார்.

"ஜெயிலு எனக்கு ஒண்ணுமில்லம்மா," என்றார். "எம்பொண்டாட்டி மாடம்மா, புள்ளைக்குப் பதினாறாம் நாள் முடிஞ்ச கையோட போனக்காடு எஸ்டேட்டுக்கு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. நான் போனா கதவைத் தொறக்க மாட்டேங்கா. நான் அதைத் தொடலேன்னு யாராச்சும் அவகிட்ட சொல்லணும். நான் சொன்னா எடுபடாது. எனக்கு அது போதும்."

"நான் ஒண்ணு சொல்லிடுறேன்," என்றார் அக்கா. "கண்டுபிடிச்சதை நான் மறைக்க மாட்டேன். உங்களுக்கு ஆகலைன்னாலும் மறைக்க மாட்டேன். சம்மதமா?"

"என்னம்மா இது, நான் எதுக்குப் பயப்படணும்? சம்மதம்."

அக்கா கம்பத்தைச் சுற்றி வந்தார். சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், மூடலாம். பிறகு கடைக்குள் போய் அடுப்படியில் ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இங்க யாரு இருப்பா?"

"மாடம்மா. வடை போடுறது அவதான்."

அக்கா அங்கிருந்தபடியே ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் காலியாகக் கவிழ்த்து வைத்த வடைச்சட்டிதான். நேற்று ராத்திரியிலிருந்து பட்டினி.

"அண்ணாச்சி, ஆறு பொங்குன மறுநாள் காலையில சங்கு ஊதிச்சா?"

அவர் முகம் மாறியது. "ஊதிச்சும்மா. நாங்க ஆத்துக்குள்ள நின்னு புள்ளையத் தேடிட்டிருக்கோம். தலைக்கு மேல நின்னு ஊதுச்சு. ஒரு நாளும் இல்லாத மாதிரி ஊதுச்சு."

"அதுக்கு முந்தின ராத்திரி நீங்க எங்க?"

"ஆத்துலதான். ஃபயர்ஃபோர்ஸ்காரங்க என்னையப் பிடிச்சு வெச்சிருந்தாங்க. தண்ணியில சாடிருவேன்னு."

அக்கா என்னைப் பார்த்தார். "கேட்டியாலே? அணைச்சது யாருன்னு எல்லாரும் தேடுறாங்க. திரும்பப் போட்டது யாருன்னு ஒருத்தனும் கேக்கலை."

"இவரால போட்டிருக்க முடியாது. ஃபயர்ஃபோர்ஸே சாட்சி."

"யாரும் போடாம தானா உயிர் வந்துதுன்னா, யாரும் அணைக்காம தானா செத்திருக்கணும். வண்டியை எடு. கம்பெனிக்குப் போறோம்."

*

கம்பெனி இருந்தது கழக்கூட்டத்துப் பக்கம், கண்ணாடி மாளிகை. வாசலிலேயே என் போன் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். என் வாய்க்கும் ஒன்று ஒட்டச் சொல்லலாமா என்று அக்கா யோசித்த மாதிரி இருந்தது.

இன்ஷூரன்ஸ் பக்கத்திலிருந்து வருகிறோம் என்று அக்கா சொல்லி வைத்திருந்ததால் வரவேற்பு பலமாக இருந்தது. தங்கள் சாமான் நல்ல சாமான் என்று காட்ட அவர்களுக்கும் அவசரம். மகேஷ்குமார் என்ற இன்ஜினீயர் வந்தார். சங்குப் பெட்டியின் உள்ளே ஓடுவது முழுக்க அவர் எழுதியது. மேஜையில் அதே மாதிரி ஒரு பெட்டி, உள்ளே அன்றைக்குக் கல்லாற்றில் ஓடியது அப்படியே, ஒரு சின்ன ஊதல், வயர் நுனியில் ஒரு மானி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

"இதுக்குள்ள ரெண்டு பேர் உண்டு மேடம்," என்றார் உற்சாகமாக. தன் குழந்தை படிக்கிற ஸ்கூலைப் பற்றிப் பேசுகிற தகப்பன் முகம். "ஒண்ணு, பெரிய புரோகிராம். ரேடியோ, பேட்டரி, சங்கு எல்லாம் அதோட கையில. அதுக்குள்ள சின்னதா ஒரு இன்டர்ப்ரெட்டரை உட்கார வெச்சிருக்கேன். ஸ்கீம்னு ஒரு மொழி. எப்ப ஊதணும்ங்கிற விதியை அந்த மொழியில எழுதிக் குடுத்தா, அது படிச்சு நடத்தும்."

"ஸ்கீமா?" என்றேன். "அப்ப எங்க வார்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள எலக்‌ஷன் வந்துடும்."

"பெரிய பங்களாவுல மொழிபெயர்க்க ஒரு துபாஷியை வேலைக்கு வெச்ச மாதிரி," என்றார் அக்கா, என்னைக் கவனிக்காமல்.

"அதே மேடம், அதே!"

"எதுக்குத் தனியா ஒரு ஆளு? பெரியவரே பாத்துக்கிடக் கூடாதா?"

"விதி மாறிட்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் மொத்த புரோகிராமையும் மாத்த மலைக்கு ஆளு அனுப்ப முடியுமா? விதியை மட்டும் இங்க இருந்தே போன் நெட்வொர்க்ல அனுப்பிட்டா, உள்ள இருக்கிறவர் வாங்கி வெச்சுக்குவார். வேலை முடிஞ்சுது."

"அந்த உள்ளாளு கோபம் வந்து சங்கை அணைச்சிட்டா?"

மகேஷ்குமார் சிரித்தார். "முடியாது. நாம எந்தக் கையைக் குடுக்கிறோமோ அந்தக் கை மட்டும்தான் அதுக்கு உண்டு. நான் குடுத்தது மானியோட அளவைக் கேக்க ஒரு கை, ஊதலாமா வேண்டாமான்னு சொல்ல ஒரு கை. சுவிட்ச்கிட்ட அது போகவே முடியாது."

"ஊதிக் காட்டுங்க."

மானியைத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கச் சொன்னார்கள். என் கையில் அப்போது ஒரு பழம்பொரி, நம்ம ஊர் வாழைப்பழ பஜ்ஜி, பாதி இருந்தது. அதை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு மானியை இறக்கினேன். தண்ணீர் ஏறுகிறது என்று பெட்டி நினைத்துக்கொண்டது. ஊதல் காது கிழிய ஊதியது.

"கண்டீஷன் பெர்ஃபெக்ட்," என்றார் மகேஷ்குமார். "அதனாலதான் சொல்றோம். யாரோ அணைச்சிருக்காங்க."

நான் திரும்பினேன். பழம்பொரி இல்லை. பெருக்க வந்த சேச்சி ஒருத்தர் அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சேச்சீ! அது என்னோடது!"

"ஆரும் பிடிச்சிட்டில்லல்லோ மோனே," என்றார் சேச்சி அலட்டிக்கொள்ளாமல். யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, அதனால் அது குப்பை. என்ன நியாயம் பாருங்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாளியையே குடித்திருப்பேன்.

மகேஷ்குமார் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க இன்டர்ப்ரெட்டரும் இப்படித்தான் பிரதர். உள்ள மெமரியில இடம் நிறைஞ்சா ஒரு பெருக்கு பெருக்கும். யாரும் பிடிச்சிருக்காத சாமானெல்லாம் போயிடும்."

அக்கா நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டுக்கொண்டார். இன்ஷூரன்ஸில் இருந்தபோது கள்ளக் கிளெய்ம்காரனுக்கு எதிரில் அப்படித்தான் உட்காருவாராம்.

"எப்ப நிறையும்?"

"சாதாரணமா நிறையவே நிறையாது மேடம். வர்ற ஒவ்வொரு அளவும் கொஞ்சம் இடம் பிடிக்கும், ஆனா மானி எப்பவாவதுதான் அளவு அனுப்பும். தினம் காலையில பெட்டி ரீஸ்டார்ட் ஆகி, விதியெல்லாம் புதுசா ஏறி, ஒருதரம் ஊதிப் பாத்துக்கும்."

"மேல பேய்மழை பெஞ்சா?"

"அப்ப எல்லா மானியும் விடாம அனுப்பிட்டே இருக்கும்."

"அந்த மாதிரி இங்க பண்ணிப் பாத்தீங்களா?"

"ஆபீஸுக்குள்ள மழை பெய்யாதே மேடம்."

"இன்னைக்குப் பெய்யும்," என்றார் அக்கா. "அனிலே, மானியை முக்கி எடு. முக்கி எடு. நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும். சங்கு ஊதுற அளவுக்கு ஆழமா போகாதே."

முக்கினேன். எடுத்தேன். முக்கினேன். தோள்பட்டை கழன்று விழும்போல இருந்தது. தரைக் கம்பளமெல்லாம் தண்ணீர். பொன்முடி மேகமாக வேலை பார்க்கிறேன், சம்பளத்தைக் கூட்டச் சொல்லுங்கள் என்று முனகினேன். அக்கா விரலைச் சுழற்றி, இன்னும் என்று காட்டினார். மகேஷ்குமார் ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரத்தில் ஸ்க்ரீனைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இப்ப உள்ள இறக்கு."

இறக்கினேன். மானி வாளியின் அடியைத் தொட்டது. தண்ணீர் வழிந்து என் செருப்பை நனைத்தது.

ஊதல் ஊதவில்லை.

"இன்னொரு தடவை," என்றார் மகேஷ்குமார். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

இறக்கினேன். இல்லை. பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார். அணைத்துப் போட்டேன். போட்டதும் சோதனை ஊதல் ஊதியது, மானியை இறக்கினேன், அதற்கும் ஊதியது. ஒன்றுமே நடக்காத மாதிரி ஊதியது. எனக்கு அண்ணாச்சி சொன்ன அந்த மறுநாள் காலை ஞாபகம் வந்தது, ஆற்றுக்குள் நின்று மகளைத் தேடியவர் தலைக்கு மேலே ஊதியது. கையிலிருந்த மானியை மேஜையில் வீசினேன்.

"பெருக்குறவகிட்ட இது வேணும், நான் பிடிச்சிருக்கேன்னு யாரு சொல்லணும்?" என்று கேட்டார் அக்கா.

"பெரிய புரோகிராம்தான். அதுக்கு ஒரு வரி எழுதணும்." மகேஷ்குமார் கீபோர்டில் தட்டினார். "எழுதியிருக்கேன் மேடம். இதோ, முதல்ல இருந்த விதிக்கு எழுதியிருக்கேன். இந்தா இருக்கே."

"முதல்ல இருந்த விதிக்கு. இப்ப கல்லாற்றுல இருந்தது?"

அவர் ஸ்க்ரீனில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தார்.

"அது அப்புறமா அனுப்பினது," என்றார் கடைசியில். "சும்மா சும்மா ஊதுதுன்னு அந்த ஊர்ல இருந்து கம்ப்ளெயின்ட் வந்துது. பஞ்சாயத்து விடாம போன் பண்ணிச்சு. இன்னும் கொஞ்சம் கூடுதலா ஏறினா மட்டும் ஊதுன்னு விதியை மாத்தி அனுப்பினேன். புது விதியை ஏத்துற வழி அவசரத்துல எழுதினது. அதுல அந்த ஒரு வரி இல்லை. பெட்டிக்குள்ள இருக்கிற சேச்சி அந்த விதியைப் பெருக்கித் தள்ளியிருப்பா மேடம். பெரியவர் வந்து விதியைக் கேட்டிருப்பார், அந்த இடத்துல வேற என்னமோ கிடந்திருக்கும். உருப்படியா பதில் வரலைன்னா ஊதாதேன்னு எழுதி வெச்சிருக்கேன். வீணா ஊதக்கூடாதுன்னு. அதுவும் நான்தான்."

"அடப்பாவி!" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. மழை பெய்யாத நாளெல்லாம் ஒழுங்காக ஊதுகிற சங்கு, பேய்மழைக்கு மட்டும் ஊதாது. இதைவிட ஒரு கொடுமையை உட்கார்ந்து யோசித்தாலும் செய்ய முடியாது.

மகேஷ்குமார் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "நான் மேனேஜர்கிட்ட சொல்லிடுறேன். ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போகக் கூடாது. இங்கயே இருங்க."

போனார். இருந்தோம். எனக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு கேஸ் நல்லபடியாக முடியப்போகிறது என்று தோன்றியது. எவ்வளவு மடையன் நான்!

திரும்பி வந்தபோது மேனேஜரும் ரெண்டு செக்யூரிட்டியும் கூட வந்தார்கள். ஒரு செக்யூரிட்டி பெட்டியை வயரோடு சுருட்டிக்கொண்டு போனான்.

"டெமோவுல தண்ணி உள்ள போயிருக்கு," என்றார் மேனேஜர். "அதனால வந்த கோளாறு. கல்லாறு உட்பட எல்லாக் கம்பத்துலயும் போன வாரமே புது சாஃப்ட்வேர் போட்டாச்சு. வழக்கமான அப்டேட். எல்லாம் நல்லா ஓடுது. வேறென்ன வேணும் மேடம்?"

"மகேஷ், நீங்க சொல்லுங்க," என்றார் அக்கா.

மகேஷ்குமார் நனைந்த கம்பளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "தண்ணி போயிருக்கலாம் மேடம்."

நான் அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

"போச்சு!" என்று வண்டியின் கூரையில் குத்தினேன். "கேமராவுல ஸ்டிக்கரு. பெட்டி அவன் கையில. கம்பத்துல எல்லாத்தையும் துடைச்சாச்சு. நாம பாத்ததுக்கு என்ன சாட்சி இருக்கு? நானும் என் நனைஞ்ச செருப்பும்."

"மெஷின் இனிமே சாட்சி சொல்லாது," என்றார் அக்கா. "மனுஷ சாட்சி ஒண்ணு பாக்கி இருக்கு."

"யாரு?"

"நாளைக்குக் காலையில போனக்காடு. அண்ணாச்சியையும் ஏத்திக்கோ."

*

விதுரை டவுன் வருகிற வரைக்கும் அண்ணாச்சிக்கு அக்கா சொன்னது இவ்வளவுதான்: "நீங்க தொடலைங்கிறது எனக்கு நிச்சயமாயிடுச்சு. கோளாறு கம்பெனியோடது. வெளியே நிரூபிக்க கையில ஒண்ணும் இல்லை."

அவருக்கு நிரூபணமா முக்கியம்? பின் சீட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்புறம் விதுரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு பேக்கரியில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினார். மாடம்மாவுக்கு அது பிடிக்குமாம். என் வண்டிக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் தலை வாரிக்கொண்டார். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க அண்ணாச்சி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. என் வாயை முதல்முறையாக நானே மூடினேன்.

"மீதியையும் சொல்லப் போறீங்களா?" என்று அக்காவிடம் கிசுகிசுத்தேன். "புது விதி யாருக்காகன்னு?"

"கேட்டா மறைக்க மாட்டேன்."

"கேக்க மாட்டார்க்கா. அவரா எதுக்குக் கேக்கப்போறார்?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

போனக்காட்டில் தேயிலை ஆளுயரம் வளர்ந்து காடாகிக் கிடக்கிறது. பூட்டிப்போன ஃபாக்டரி, அதற்கு மேலே வரிசை வீடுகள், பாதிக்கு ஓடு இல்லை. மாடம்மாளின் அண்ணன் வீட்டில் மட்டும் புகை வந்தது. அண்ணாச்சி படியோடு நின்றுவிட்டார். சிப்ஸ் பாக்கெட் கையில் இருந்தது.

கதவைத் தட்டினோம். மாடம்மாள் பாதி திறந்து, கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். மெலிந்த பெண்மணி. கணவர் நிற்கிற பக்கம் திரும்பவே இல்லை.

"நான் ரத்னாபாய். உங்க வீட்டுக்காரருக்காக விசாரிக்கேன்," என்றார் அக்கா. "அவரு சுவிட்சைத் தொடலை."

"தெரியும்," என்றார் மாடம்மாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவுக்கு இல்லை.

"உங்க அடுப்படி ஸ்டூல்ல உட்கார்ந்து பாத்தேன். ஜன்னலுக்கு நேரா கம்பம். அடி முதல் நுனி வரைக்கும் தெரியுது. அன்னைக்கு நீங்க அங்கதான் இருந்தீங்க."

"காலையில இருந்து அங்கனதான் இருந்தேன். கம்பத்துக்கிட்ட ஒரு நாயிகூட போகல்ல."

"போலீஸ்ல ஒண்ணும் பாக்கலைன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா இந்த மனுஷன் கேஸ்ல இருந்து வெளிய வந்துடுவாரு. ஏம்மா சொல்லலை?"

அப்போதுதான் அந்த அம்மாள் படிப்பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு அக்காவிடம்தான் பேசினார்.

"அதுக்க வாயை அடைங்கன்னு கத்துனது யாரு? நானும் கூட்டத்துல இருந்தேன். அதுவரைக்கும் சின்ன மழைக்கும் ஊதும். கத்துன பொறவு காலையில ஊதுறதோட சரி. ஒரு மழைக்கும் ஊதல்ல. இவரு கல்லாவுல உட்கார்ந்து சிரிச்சாரு. பாத்தியாட்டி, நான் சொன்னேன், கேட்டுட்டாங்கன்னு சிரிச்சாரு. எம்புள்ளையும் கூடச் சேர்ந்து சிரிச்சா." மூச்சு வாங்கினார். "மெஷினைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சது இதுதான். அதனால போலீசு இவரப் பிடிச்சப்போ, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

படிப் பக்கம் சிப்ஸ் பாக்கெட் நசுங்குகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

"நீங்க விவரம் தெரிஞ்சவங்க," என்றார் மாடம்மாள். கதவிலிருந்து கையை எடுத்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவரு கேட்டதுக்கும் அது ஊதாமப் போனதுக்கும் சம்பந்தமில்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பமே உங்க வண்டியில வாறேன். போலீசுலயும் சொல்லுதேன், கோர்ட்டுலயும் சொல்லுதேன். இவரு கூட வீட்டுக்கும் போறேன். சொல்லுங்கம்மா."

"சம்பந்தமே இல்லம்மா!" என்று கத்தினேன். "மாதாவாணை சம்பந்தமில்லை! அது கம்பெனிக்காரன் பண்ணின..."

மாடம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா வாயைத் திறந்தார். மூடினார். கண்ணில் நீர் கட்டியிருந்தது. ஒரு பொய் அக்கா, ஒரே ஒரு பொய் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அந்த நிமிஷத்தில் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை.

மாடம்மாள் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார். "சரிம்மா," என்றார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அண்ணாச்சி படியேறி வந்தார். சிப்ஸ் பாக்கெட்டை வாசல்படியில் வைத்தார். காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல்லை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"அண்ணாச்சி," என்றார் அக்கா. "பிழை அவன் எழுதினதுல. நீங்க கேட்டதுல இல்லை. ஊர்ல யாரும் கேக்கிறதுதான்."

"நான் சொல்லித்தான் மாத்துனாங்களா?"

அக்கா ஆமாம் என்று தலையை அசைத்தார்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, நான் சாவியைத் திருப்பும்போதுதான் பேசினார்.

"கையால அணைச்சிருந்தா, மலையில மேகம் கறுத்ததும் நானே ஓடிப்போயி திரும்பப் போட்டிருப்பேனேம்மா."